பேச்சின் நடுவே புகுந்தால் ஆங்கிலத்தில் என்ன சொல்வது? 'இன்டரப்ட்' பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பேசிக்கொண்டிருப்பவரின் குறுக்கே புகுவதும், வேலையாக இருப்பவரைக் கூப்பிடுவதும், தூங்குகிறவரை எழுப்புவதும் பேச்சுத் தமிழில் எல்லாமே 'டிஸ்டர்ப் பண்றது'தான். ஆங்கிலம் பேசும்போதும் அந்த ஒரே சொல்லை எல்லா இடத்திலும் போடுகிறோம். சில இடங்களில் அது பொருந்திவிடும், பல இடங்களில் பொருந்தாது. அங்கே வேண்டிய சொல் பெரும்பாலும் 'இன்டரப்ட்'. அதைச் சரியாகக் கையாள்வது பற்றியே கீழே உள்ள கேள்விகளில் பெரும்பகுதி. அதன் உறவுச் சொற்களும் இடையிடையே வரும்.

'இன்டரப்ட்' என்பதன் சரியான பொருள் என்ன?

நடந்துகொண்டிருக்கும் ஒன்றை நடுவில் வெட்டி நிறுத்துவது. பேச்சு, வேலை, கூட்டம், தூக்கம், மின்சாரம், ரயில் போக்குவரத்து என எதுவாகவும் இருக்கலாம். ஆனால் அது அப்போது ஓடிக்கொண்டிருக்க வேண்டும். சும்மா உட்கார்ந்திருப்பவரை யாரும் 'இன்டரப்ட்' செய்ய முடியாது, ஏனென்றால் அங்கே வெட்டுவதற்கு எதுவும் இல்லை. இந்த ஒரு சோதனையே பாதிக் குழப்பத்தைத் தீர்த்துவிடும்.

இது லத்தீனிலிருந்து வந்த சொல். 'இன்டர்' என்றால் நடுவே, 'ரும்பெரே' என்றால் உடைப்பது. எரிமலை வெடிப்பதைச் சொல்லும் 'எரப்ட்', குழாயோ ரத்தநாளமோ கிழிவதைச் சொல்லும் 'ரப்ச்சர்', திடீரென்று என்ற பொருள் தரும் 'அப்ரப்ட்' எல்லாம் இதே வேரில் பிறந்தவை.

உச்சரிப்பிலும் எழுத்துக்கூட்டிலும் எங்கே தவறு வருகிறது?

அழுத்தம் கடைசி அசையில் விழ வேண்டும்: இன்-ட-ரப்ட். முதல் அசையை அழுத்தி, கடைசியை 'ரட்' என்று விழுங்குவது பரவலாக இருக்கிறது. 'ரப்' என்று உதடுகள் ஒட்டிப் பிரிந்த பிறகே 'ட்' வர வேண்டும். இறந்தகால வடிவத்தில் இன்னோர் அசை கூடும்: இன்-ட-ரப்-டட். 'டி' ஒலியில் முடியும் வினைகளுக்கெல்லாம் இப்படித்தான் ஓர் அசை தனியாகச் சேரும்.

எழுதும்போது 'ஆர்' என்ற எழுத்து இரண்டு முறை வரும். 'இன்டர்' என்ற முன்னொட்டின் கடைசியில் ஒன்று, 'ரப்ட்' என்ற வேரின் முதலில் ஒன்று. ஒரே ஒரு 'ஆர்' போடுவதுதான் இந்தச் சொல்லில் மிக அதிகமாகக் காணப்படும் எழுத்துப்பிழை. இறந்தகாலத்தில் கடைசி 'டி'யை இரட்டிக்கக் கூடாது. அதற்கு முன்னால் ஏற்கெனவே ஒரு மெய்யெழுத்து இருப்பதால் ஒற்றை 'டி' போதும்.

'டோன்ட் இன்டரப்ட் இன் மை டாக்' சரியா?

தவறு. தமிழ் பேசுகிறவர்கள் இந்தச் சொல்லில் அதிகம் செய்யும் பிழையும் இதுதான்.

'என் பேச்சில் குறுக்கிடாதே' என்று தமிழில் சொல்கிறோம். அதிலுள்ள 'இல்' என்ற வேற்றுமை உருபு அப்படியே 'இன்' ஆகி ஆங்கில வாக்கியத்துக்குள் இறங்கிவிடுகிறது. ஆனால் 'இன்டரப்ட்' நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்கும் வினை. அதற்கும் செயப்படுபொருளுக்கும் நடுவில் 'இன்', 'டு', 'ஆன்', 'அட்' போன்ற ப்ரிபொசிஷன் எதுவும் வராது.

சரியான வடிவங்கள் இவை:

'டோன்ட் இன்டரப்ட் மீ.'
'ப்ளீஸ் டோன்ட் இன்டரப்ட் த டீச்சர்.'
'அ ஃபோன் கால் இன்டரப்டட் த மீட்டிங்.'

ஒரு வழி இருக்கிறது. மனத்தில் 'குறுக்கிடு' என்ற வினையை வைக்காமல் 'இடைமறி' என்பதை வைத்துக்கொள்ளுங்கள். 'என்னை இடைமறிக்காதே', 'கூட்டத்தை இடைமறித்தது' என்று 'ஐ' உருபு வருகிறதல்லவா? தமிழில் 'ஐ' வந்தால் இந்த வினைக்குப் பின்னால் ஆங்கிலத்தில் எதுவும் ஒட்டத் தேவையில்லை. இது 'இன்டரப்ட்', 'டிஸ்டர்ப்' இரண்டுக்கும் பொருந்தும். எல்லா ஆங்கில வினைகளுக்கும் பொதுவான விதியாக இதை எடுத்துக்கொள்ள வேண்டாம்.

ஆளையும் செயப்படுபொருளாகப் போடலாம், அவர் செய்யும் காரியத்தையும் போடலாம். 'ஹி இன்டரப்டட் மீ' என்றாலும் 'ஹி இன்டரப்டட் மை ஸ்பீச்' என்றாலும் இலக்கணம் சரிதான். அன்றாட உரையாடலில் முதல் வடிவமே இயல்பு. 'ஸ்பீச்' என்றால் மேடைப் பேச்சு. வீட்டில் இருவர் பேசிக்கொள்வதை 'ஸ்பீச்' என்று சொன்னால் மைக் பிடித்துப் பேசியது போலிருக்கும்.

செயப்படுபொருளே இல்லாமல் நிறுத்துவதும் உண்டு: 'ப்ளீஸ் டோன்ட் இன்டரப்ட்.' யாரை என்பது சூழலிலேயே தெரிந்தால் அதுவே போதும்.

'இன்டரப்ட் இன் பிட்வீன்' என்று சொல்லலாமா?

வேண்டாம். 'நடுவில் குறுக்கிடாதே' என்பதில் உள்ள 'நடுவில்' இப்படி வந்து ஒட்டிக்கொள்கிறது. 'இன்டரப்ட்' என்றாலே நடுவில் வெட்டுவதுதான், 'இன் பிட்வீன்' சேர்த்தால் நடுவை இரண்டு தடவை சொன்னதாகும். எந்தக் கட்டத்தில் வெட்டினார் என்று குறிப்பாகச் சொல்ல வேண்டுமானால் 'ஹி இன்டரப்டட் மீ இன் த மிடில் ஆஃப் அ சென்டென்ஸ்' என்று சொல்லலாம். இதைச் சுருக்கி 'மிட்-சென்டென்ஸ்' என்பார்கள்.

வாக்கியத்தில் இதோடு எந்தெந்தச் சொற்கள் சேரும்?

அடிக்கடி வருபவை ஐந்து. 'வைல்' வந்தால் எப்போது வெட்டினார் என்பது தெரியும்: 'டோன்ட் இன்டரப்ட் ஹர் வைல் ஷீ இஸ் வொர்க்கிங்.' 'வென்' வந்தால் ஓடிக்கொண்டிருந்த செயல் ஒரு பக்கம், வெட்டிய செயல் மறுபக்கம்: 'ஐ வாஸ் எக்ஸ்ப்ளெய்னிங் த ப்ளான் வென் ஹி இன்டரப்டட் மீ.' இங்கே காலங்களைக் கவனியுங்கள். ஓடிக்கொண்டிருந்தது 'வாஸ்… இங்' வடிவில் இருக்கிறது, வெட்டியது எளிய இறந்தகாலத்தில் இருக்கிறது. இரண்டையும் எளிய இறந்தகாலத்தில் போட்டு 'ஐ எக்ஸ்ப்ளெய்ன்ட் வென் ஹி இன்டரப்டட்' என்றால், அவர் குறுக்கிட்ட பிறகுதான் நான் விளக்கினேன் என்று பொருள் திரும்பிவிடும்.

எதைக் கொண்டு வெட்டினார் என்பதற்கு 'வித்': 'ஷீ இன்டரப்டட் மீ வித் அ க்வெஸ்ச்சன்.' என்ன சொல்லவோ கேட்கவோ குறுக்கிட்டார் என்பதற்கு 'டு': 'ஹி இன்டரப்டட் டு சே தட் த கார் ஹாட் அரைவ்ட்.' இந்த இடத்தில் 'ஹி இன்டரப்டட் மீ தட் த கார் ஹாட் அரைவ்ட்' என்று எழுதுகிறவர்கள் உண்டு. அது தவறு, 'டு சே' இல்லாமல் 'தட்' வராது.

ஐந்தாவது 'பை'. அது செயப்பாட்டு வாக்கியத்தில் வரும். அதற்குத் தனிக் கேள்வியே இருக்கிறது.

'எனக்குத் தடங்கல் வந்தது' என்பதை எப்படிச் சொல்வது?

'ஐ வாஸ் இன்டரப்டட்.' பேச்சு வழக்கில் 'ஐ காட் இன்டரப்டட்' என்றும் வரும். காரணத்தைச் சேர்க்க 'பை' போடுங்கள்: 'ஐ வாஸ் இன்டரப்டட் பை அ ஃபோன் கால்.'

'வாஸ்' விடுபட்டால் ஆபத்து. 'ஐ இன்டரப்டட்' என்றால் நான் போய் யாரையோ இடைமறித்தேன் என்று ஆகிவிடும். வேலை தாமதமானதற்கு விளக்கம் எழுதும்போது 'ஐ வாஸ் இன்டரப்டிங் மெனி டைம்ஸ்' என்று தட்டிவிட்டால், படிப்பவர் உங்களைத்தான் தொல்லை கொடுத்தவராக நினைப்பார். 'வாஸ்' வந்த பிறகு 'டட்' என்று முடிந்தால் அடிபட்டது நீங்கள், 'டிங்' என்று முடிந்தால் அடித்தது நீங்கள்.

இதே வேறுபாடு விருப்பு வெறுப்பைச் சொல்லும்போதும் வரும். 'ஐ ஹேட் பீயிங் இன்டரப்டட்' என்றால் பிறர் என் பேச்சை வெட்டுவது எனக்குப் பிடிக்காது. 'ஐ ஹேட் இன்டரப்டிங் பீப்பிள்' என்றால் பிறர் பேச்சை நான் வெட்டுவது எனக்குப் பிடிக்காது.

'குறுக்கே பேசிக்கொண்டே இருக்கிறார்' என்பது?

'ஹி கீப்ஸ் இன்டரப்டிங்.' யாரை என்று சொல்ல வேண்டுமானால் கடைசியில் 'மீ' சேரும். 'கீப்' பின்னால் வரும் வினை 'இங்' வடிவில் இருக்க வேண்டும். 'ஸ்டாப் இன்டரப்டிங் மீ' என்பதும் அப்படியே. 'ஸ்டாப் டு இன்டரப்ட்' என்றால் 'இடைமறிப்பதற்காக நில்' என்று பொருள் தலைகீழாகிவிடும்.

மரியாதை குறையாமல் குறுக்கிட எந்த வாக்கியம் நல்லது?

இதற்குப் பாதி விடை சொற்களில் இருக்கிறது, மீதி நேரம் பார்ப்பதில். எதிராளி ஒரு வாக்கியத்தை முடித்து மூச்சு வாங்கும் இடத்தில் புகுந்தால் சாதாரணச் சொற்களே போதும். வாக்கியத்தின் நடுவில் புகுந்தால் எவ்வளவு பணிவாகப் பேசினாலும் உறுத்தும்.

எல்லா இடத்துக்கும் பொருந்துவது 'சாரி டு இன்டரப்ட், பட்…' என்ற தொடக்கம். 'பட்' முக்கியம், அதன் பின்னால் விஷயம் உடனே வர வேண்டும்: 'சாரி டு இன்டரப்ட், பட் தேர் இஸ் அ கால் ஃபார் யூ.' வெறும் 'சாரி டு இன்டரப்ட்' என்று சொல்லிவிட்டு நின்றுவிட்டால் எல்லோரும் உங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். பேச்சு அதற்குள் நின்றிருக்கும், விஷயமும் வந்திருக்காது.

கொஞ்சம் கூடுதல் பணிவு தேவைப்படும் இடத்தில் அனுமதி கேட்கலாம்: 'மே ஐ இன்டரப்ட் யூ ஃபார் அ மோமென்ட்?' அல்லது 'குட் ஐ ஜஸ்ட் இன்டரப்ட் யூ தேர்?' மேலதிகாரி, முன்பின் அறியாதவர், மேடையில் இருப்பவர் ஆகியோரிடம் இது பொருந்தும். நண்பர்களிடம் 'மே ஐ' போட்டால் கேலி செய்வதாகத் தோன்றும்.

அலுவலகக் கூட்டங்களில், குறிப்பாக வீடியோ அழைப்பில், 'இன்டரப்ட்' என்ற சொல்லையே தவிர்த்து 'கேன் ஐ ஜம்ப் இன் ஹியர்?' அல்லது 'கேன் ஐ கம் இன் ஹியர்?' என்று கேட்பது இப்போது மிகச் சகஜம். குறுக்கிடுகிறேன் என்று ஒப்புக்கொள்ளாமல் கலந்துகொள்கிறேன் என்ற தொனி அதில் வருகிறது. வீடியோ அழைப்பில் ஒலி சற்றுத் தாமதமாகப் போய்ச் சேர்வதால் இருவர் ஒரே சமயத்தில் பேசிவிடுவது தவிர்க்க முடியாதது. அப்போது 'சாரி, கோ அஹெட்' என்று சொல்லி வழிவிடுங்கள், இருவரும் அதையே சொன்னாலும் பாதகமில்லை.

கூட்டத்தை நடத்துகிறவர் நீளமாகப் பேசுகிறவரை நிறுத்த வேண்டியிருந்தால் 'ஐயாம் கோயிங் டு ஹேவ் டு ஸ்டாப் யூ தேர்' என்பார். நேரம் முடிந்துவிட்டது என்ற காரணத்தையும் சேர்த்துச் சொன்னால் முகத்தில் அடித்தது போலிருக்காது. இது நடத்துநருக்கு உரிய வாக்கியம். கூட்டத்துக்கு வந்த மற்றவர்கள் இதைச் சொன்னால் அதிகப்பிரசங்கித்தனமாகப் படும்.

அறைக்குள் நுழையும்போது இருவர் பேசிக்கொண்டிருந்தால்?

'ஐ ஹோப் ஐயாம் நாட் இன்டரப்டிங்' என்பது பாதுகாப்பானது. 'ஆம் ஐ இன்டரப்டிங் சம்திங்?' என்ற கேள்வியில் மட்டும் குரலைக் கவனியுங்கள். மென்மையாகக் கேட்டால் மரியாதை. 'சம்திங்' என்பதை அழுத்தினால் 'நான் வந்ததும் ஏன் வாயை மூடிக்கொண்டீர்கள்?' என்ற சந்தேகம் எட்டிப்பார்க்கும்.

'நீங்க பேசுங்க, எனக்காக நிறுத்த வேண்டாம்' என்பதற்கு அழகான வாக்கியம் ஒன்று உண்டு: 'டோன்ட் லெட் மீ இன்டரப்ட் யூ.' சொல்லுக்குச் சொல் பார்த்தால் விநோதமாக இருக்கும், ஆனால் தினமும் புழங்கும் வாக்கியம்தான்.

'சாரி டு இன்டரப்ட்', 'சாரி ஃபார் இன்டரப்டிங்' என்ன வேறுபாடு?

குறுக்கிடப் போகும்போது அல்லது குறுக்கிடும் அந்தக் கணத்தில் முதலாவது. முடிந்த பிறகு மன்னிப்புக் கேட்கும்போது இரண்டாவது: 'சாரி ஃபார் இன்டரப்டிங் யூ எர்லியர்.' 'சாரி ஃபார் டு இன்டரப்ட்' என்று இரண்டையும் கலந்துவிடாதீர்கள். தெரியாமல் நடந்துவிட்டது என்று சொல்ல 'ஐ டிடின்ட் மீன் டு இன்டரப்ட்' இருக்கிறது. இணையம் துண்டித்து மீண்டும் சேர்ந்தால் 'சாரி ஃபார் த இன்டரப்ஷன்' என்று பெயர்ச்சொல்லில் சொல்வதுதான் பொருத்தம், அந்தத் தடங்கலுக்கு எந்த ஆளும் காரணமில்லை என்பதால்.

என்னை ஒருவர் வெட்டிவிட்டால் எப்படிப் பேச்சை மீட்பது?

'யூ இன்டரப்டட் மீ' என்பது உண்மைதான், ஆனால் அது குற்றச்சாட்டு. எடுத்த எடுப்பில் அதைச் சொன்னால் பேச்சு எதைப் பற்றி என்பது போய், யார் குறுக்கிட்டார் என்ற தகராறாகிவிடும். அதற்குப் பதிலாக 'சாரி, குட் ஐ ஜஸ்ட் ஃபினிஷ்?' என்று கேளுங்கள். இன்னும் இதமாக வேண்டுமானால் 'ஐ வாஸன்ட் க்வைட் ஃபினிஷ்ட்.' இரண்டாம் தடவையும் வெட்டினால் 'ப்ளீஸ் லெட் மீ ஃபினிஷ்' என்று உறுதியாகச் சொல்லலாம், அது கோபமாகக் கருதப்படாது.

அவர் பேசி முடித்த பின் விட்ட இடத்தைத் தொட 'ஆஸ் ஐ வாஸ் சேயிங்'. விட்ட இடமே மறந்துவிட்டால் 'வேர் வாஸ் ஐ?' என்று கேட்டால் யாராவது எடுத்துக்கொடுப்பார்கள். இங்கே 'வேர் ஆம் ஐ?' என்று நிகழ்காலத்தில் கேட்டால் மயக்கம் தெளிந்து எழுந்தவர் 'நான் எங்கே இருக்கிறேன்?' என்று கேட்பது போலாகும்.

இன்னொருவர் வெட்டுப்படும்போது அவருக்குத் துணையாகவும் பேசலாம்: 'ஐ திங்க் ஷீ வாஸன்ட் ஃபினிஷ்ட்.' கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இருக்கும் கூட்டங்களில் இந்த ஒரு வாக்கியம் நிறைய உதவும்.

அப்படியானால் 'டிஸ்டர்ப்' எப்போது?

அமைதி, தூக்கம், கவனம், ஓய்வு இவை கலையும்போது. 'இன்டரப்ட்' ஒரு செயலின் ஓட்டத்தை அறுக்கும், 'டிஸ்டர்ப்' ஒருவரின் நிலையைக் கலைக்கும். விடுதி அறைக் கதவில் 'டூ நாட் டிஸ்டர்ப்' என்று தொங்குவது இதனால்தான். உள்ளே இருப்பவர் என்ன செய்கிறார் என்பது வெளியில் இருப்பவருக்குத் தெரியாது, தெரியவும் வேண்டாம். அவரை அப்படியே விட்டுவிடு என்பதே செய்தி. கைப்பேசியில் அழைப்பு ஒலிகளை அடக்கும் வசதிக்கும் அதே பெயர்தான்.

தூங்கும் குழந்தையை 'டோன்ட் டிஸ்டர்ப் த பேபி' என்போம், 'டோன்ட் இன்டரப்ட் த பேபி' என்றால் குழந்தை ஏதோ சொற்பொழிவு ஆற்றிக்கொண்டிருக்க வேண்டும். ஆனால் 'மை ஸ்லீப் வாஸ் இன்டரப்டட்' சரி, அங்கே அறுபட்டது தூக்கத்தின் தொடர்ச்சி.

'டிஸ்டர்ப்ட்' என்ற வடிவத்தில் ஒரு கண்ணி இருக்கிறது. 'ஐயாம் டிஸ்டர்ப்ட்' என்றால் மனம் கலங்கியிருக்கிறேன் என்றுதான் பொதுவாகப் புரிந்துகொள்வார்கள். 'எ டிஸ்டர்ப்ட் பர்சன்' என்றால் மனநிலை பாதிக்கப்பட்டவர். 'டிஸ்டர்பிங் நியூஸ்' என்றால் மனத்தை உலுக்கும் செய்தி. பக்கத்து வீட்டுச் சத்தத்தால் வேலை கெட்டது என்று சொல்ல நினைத்தவர் 'ஐயாம் வெரி டிஸ்டர்ப்ட்' என்று நிறுத்திவிட்டால், கேட்பவர் பதறி 'ஆர் யூ ஆல்ரைட்?' என்பார். 'த நாய்ஸ் இஸ் டிஸ்டர்பிங் மீ' அல்லது 'த நாய்ஸ் கீப்ஸ் டிஸ்ட்ராக்டிங் மீ' என்று காரணத்தை எழுவாயாக வைத்தால் குழப்பம் வராது.

மின்னஞ்சலில் 'சாரி டு இன்டரப்ட் யூ' என்று தொடங்கலாமா?

பொருந்தாது. மின்னஞ்சல் யாருடைய பேச்சையும் வெட்டுவதில்லை, அவர் ஓய்வாக இருக்கும்போது திறந்து படிப்பார். 'சாரி டு பாதர் யூ' அல்லது கொஞ்சம் முறையாக 'சாரி டு ட்ரபிள் யூ' போடுங்கள். தொலைபேசியில் அழைத்தால் 'இஸ் திஸ் எ குட் டைம்?' என்று கேட்பது எல்லாவற்றையும்விட நல்லது. மன்னிப்பை மட்டும் சொல்லாமல், பிறகு பேசிக்கொள்ளலாம் என்ற வாய்ப்பையும் அது கொடுக்கிறது.

'இன்ட்ரூட்', 'இன்டர்ஃபியர்' இரண்டும் இதே பொருளா?

இல்லை, இலக்கணமும் வேறு.

'இன்ட்ரூட்' என்றால் வேண்டாத இடத்தில் நுழைவது. பேச்சு ஓடிக்கொண்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இதற்கு இல்லை. நுழைபவர் வரவேற்கப்படவில்லை என்பதுதான் இதன் சாரம். இது நேரடியாகச் செயப்படுபொருளை ஏற்காது. 'ஹி இன்ட்ரூடட் மீ' தவறு. தனிமை, துக்கம், குடும்ப நேரம் போன்றவற்றுக்கு 'ஆன்' சேரும்: 'ஐ டோன்ட் வான்ட் டு இன்ட்ரூட் ஆன் யுவர் ஃபேமிலி டைம்.' ஓர் இடத்துக்குள்ளோ ஒருவர் வாழ்க்கைக்குள்ளோ புகுவதற்கு 'இன்டு'. துக்கம் நடந்த வீட்டில் நெருங்கிய உறவினர் மட்டும் இருக்கும்போது 'ஐ டோன்ட் வான்ட் டு இன்ட்ரூட்' என்று ஒதுங்குவது மிகவும் பண்பான பேச்சு. அங்கே 'டிஸ்டர்ப்' சொன்னால் தொனி சற்றுத் தடித்துவிடும். அத்துமீறி நுழைபவர் 'இன்ட்ரூடர்', வீட்டுக்குள் புகுந்த திருடனையும் அப்படித்தான் சொல்வார்கள்.

'இன்டர்ஃபியர்' என்றால் தலையிடுவது. தமிழ் வழக்கில் நாம் சொல்லும் 'மூக்கை நுழைக்காதே' இதற்கு நெருக்கம். 'இன்' வந்தால் பிறர் விவகாரத்தில் தலையிடுவது: 'டோன்ட் இன்டர்ஃபியர் இன் தேர் மேரேஜ்.' 'வித்' வந்தால் ஒன்று இன்னொன்று நடக்கவிடாமல் கெடுப்பது: 'த நாய்ஸ் இன்டர்ஃபியர்ஸ் வித் மை வொர்க்.' ஒரு வார்த்தை பேசாமலேயே ஒருவர் 'இன்டர்ஃபியர்' செய்யலாம். ஒருவர் விவகாரத்தில் துளியும் தலையிடாமல் அவர் பேச்சை 'இன்டரப்ட்' செய்யவும் முடியும்.

பேச்சு வழக்கில் இன்னும் இறங்கிச் சொல்ல என்ன சொற்கள்?

முந்திரிக்கொட்டை போல் அழைக்காமலே உரையாடலில் வந்து விழுவது 'பட் இன்'. கண்டிக்கும் சொல் இது: 'ஹி ஆல்வேஸ் பட்ஸ் இன்.' எழுத்து வேலையிலும் அலுவலகப் பேச்சிலும் தவிருங்கள்.

கதவைத் தட்டாமல் உடம்போடு நுழைவது 'பார்ஜ் இன்'. சிவபூஜையில் கரடி புகுந்த கதைக்கு ஆங்கிலத்தில் சரியான வினை இதுதான். கூட்டத்துக்குள், அறைக்குள் என்று இடம் சொல்ல வேண்டுமானால் 'பார்ஜ்ட் இன்டு த ரூம்'.

'கட் ஆஃப்' என்றால் வாயை மூடும்படி வெட்டுவது. 'ஷீ கட் மீ ஆஃப்' என்பது 'இன்டரப்டட்' என்பதைவிடக் கடுமை. தொலைபேசி இணைப்பு அறுந்தாலும் இதே சொல்தான்: 'வீ காட் கட் ஆஃப்.' சாலையில் நம் வண்டிக்கு முன்னால் இன்னொரு வண்டி திடீரென்று வெட்டி நுழைவதற்கும் இதுவே. 'கட்' என்ற வினைக்கு இறந்தகாலமும் 'கட்'தான், 'கட்டட்' இல்லை.

ஒருவர் நிறுத்தாமல் பேசும்போதே மற்றவர் குரலை உயர்த்தி மேலே பேசுவது 'டாக் ஓவர்': 'தே வேர் டாக்கிங் ஓவர் ஈச் அதர்.' இங்கே யாரும் நிற்பதில்லை என்பதால் 'இன்டரப்ட்' சரியாகப் பொருந்தாது.

குறுக்கிட்டாலும் வரவேற்கத்தக்கதாக இருந்தால் 'சைம் இன்', 'சிப் இன்' என்ற சொற்கள் இருக்கின்றன. ஒத்துப்பாடுவதுபோல் ஒரு வார்த்தை சேர்ப்பது முதலாவது, தன் பங்குக்கு ஒரு கருத்தைச் சொல்வது இரண்டாவது. பிரிட்டன் ஆங்கிலத்தில் இரண்டாவது அதிகம் கேட்கும்.

மழையால் ஆட்டம் நின்றால் 'இன்டரப்ட்' சரியா?

மீண்டும் தொடங்கினால் சரி: 'ரெய்ன் இன்டரப்டட் ப்ளே.' 'இன்டரப்ட்' என்பதில் மறுபடி தொடரும் வாய்ப்பு உள்ளே மறைந்திருக்கிறது. அன்றைக்கு மீண்டும் தொடங்காமலே கைவிட்டால் கிரிக்கெட்டில் 'அபாண்டன்ட்' என்பார்கள். தொடங்குவதற்கு முன்பே ரத்தானால் 'கால்ட் ஆஃப்'. பாதியில் முடித்துக்கொண்டால் 'கட் ஷார்ட்': 'ஹி கட் ஹிஸ் ட்ரிப் ஷார்ட்.' பயணத்தைப் பாதியில் விட்டுத் திரும்பியவர் 'மை ட்ரிப் வாஸ் இன்டரப்டட்' என்றால், பிறகு மீதிப் பயணத்தையும் முடித்தார் என்று தோன்றும்.

தொலைக்காட்சியில் அவசரச் செய்திக்காக நிகழ்ச்சியை நிறுத்தும்போது சொல்லும் 'வீ இன்டரப்ட் திஸ் ப்ரோக்ராம்' என்ற அறிவிப்பும் இந்தப் பொருளில்தான். செய்தி முடிந்ததும் நிகழ்ச்சி தொடரும்.

பெயர்ச்சொல், உரிச்சொல் வடிவங்கள்?

'இன்டரப்ஷன்' பெயர்ச்சொல். எண்ணக்கூடியதாகவும் வரும், எண்ணாமலும் வரும்: 'டூ மெனி இன்டரப்ஷன்ஸ்', 'வித்தவுட் இன்டரப்ஷன்'. சேவை நின்றால் 'இன்டரப்ஷன் டு த சர்வீஸ்', வினியோகம் நின்றால் 'இன்டரப்ஷன் இன் சப்ளை'. பெயர்ச்சொல்லுக்கு ப்ரிபொசிஷன் வேண்டும், வினைக்கு வேண்டாம். வினையிலும் 'இன்' நுழைவதற்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். பிரிட்டன் நாடாளுமன்ற உரைகளைப் பதிவு செய்யும் ஹன்சார்டில், உறுப்பினர்கள் சத்தம் போட்ட இடங்களில் 'இன்டரப்ஷன்' என்ற ஒற்றைச் சொல்லை அடைப்புக்குறிக்குள் போட்டுவிட்டு நகர்ந்துவிடுவார்கள்.

தடையே இல்லாதது 'அன்இன்டரப்டட்': 'டூ அவர்ஸ் ஆஃப் அன்இன்டரப்டட் ஸ்லீப்.' மின்சாரம் போனாலும் கணினி அணையாமல் காக்கும் யூபிஎஸ் பெட்டியின் முதல் எழுத்து இந்தக் குடும்பத்தைச் சேர்ந்தது: அன்இன்டரப்டிபிள் பவர் சப்ளை. 'அன்இன்டரப்டட்' என்றால் தடைபடாதது, 'அன்இன்டரப்டிபிள்' என்றால் தடைபடுத்த முடியாதது.

கதையில் ஒருவர் பேச்சை மற்றவர் வெட்டுவதை எப்படி எழுதிக் காட்டுவது?

ஆங்கில வழக்கில் வெட்டுப்பட்ட இடத்தில் நீண்ட கோடு போட்டு மேற்கோளை மூடுவார்கள்:

'ஐ வாஸ் ஒன்லி ட்ரையிங் டு—'
'நோ,' ஷீ இன்டரப்டட்.

மூன்று புள்ளி வைத்தால் பொருள் மாறிவிடும். யாரும் வெட்டவில்லை, பேசுகிறவரே இழுத்து நிறுத்திக்கொண்டார் என்றாகும். கோடு போட்டுக் காட்டிய பிறகு 'இன்டரப்டட்' என்று மறுபடி சொல்லாமல் 'செட்' என்று மட்டும் எழுதுவது தேர்ந்த எழுத்தாளர்களின் பழக்கம். கண்ணுக்குத் தெரிந்ததை வாயாலும் சொல்ல வேண்டியதில்லை.

அந்தக் கோட்டை நம்பியே ஆங்கிலக் குழந்தைகள் சொல்லும் ஒரு கதவுத்தட்டு ஜோக் இருக்கிறது. 'நாக் நாக்.' 'ஹூஸ் தேர்?' 'இன்டரப்டிங் கவ்.' 'இன்டரப்டிங் க—' 'மூ!' கேட்பவர் 'இன்டரப்டிங் கவ் ஹூ?' என்று முடிப்பதற்குள் மாடு கத்திவிட வேண்டும். வினையின் 'இங்' வடிவம் பெயருக்கு முன்னால் அடைமொழியாக நிற்பதைக் குழந்தைகளுக்குக் கற்றுத்தர இதைவிடச் சுலபமான வழி இல்லை.

கணினித் துறையில் வரும் 'இன்டரப்ட்' இதேதானா?

அடிப்படைப் பொருள் அதேதான். விசைப்பலகையில் ஒரு விசையைத் தட்டினால், செயலி தான் செய்துகொண்டிருந்ததை நிறுத்தி, எந்த இடத்தில் நின்றது என்பதைக் குறித்துக்கொண்டு, அந்தச் சமிக்ஞையைக் கவனித்துவிட்டுப் பழைய வேலைக்குத் திரும்பும். அந்தச் சமிக்ஞைக்குத்தான் 'இன்டரப்ட்' என்று பெயர். இங்கே அது பெயர்ச்சொல், ஆகவே அழுத்தம் முதல் அசைக்கு நகரும்: இன்-ட-ரப்ட் என்பதில் 'இன்' உயர்ந்து ஒலிக்கும். ஜாவா என்ற நிரல்மொழியில் ஒரு த்ரெட்டை, அதாவது நிரலுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலைத்தொடரை, 'இன்டரப்ட்' செய்தால் அது அங்கேயே நின்றுவிடும் என்று புதியவர்கள் எதிர்பார்ப்பார்கள். அப்படி நடக்காது. நிறுத்தச் சொல்லி ஒரு கொடி, அதாவது ஓர் அடையாளக் குறி, மட்டும் ஏற்றப்படும். த்ரெட் உறக்கத்திலோ காத்திருப்பிலோ இருந்தால் 'இன்டரப்டட் எக்ஸெப்ஷன்' என்ற விதிவிலக்கு அறிவிப்பு எழும், மற்றபடி அந்தக் கொடியைப் பார்த்து நிற்பதா தொடர்வதா என்பது த்ரெட்டுக்குள் எழுதியுள்ள நிரலைப் பொறுத்தது.